கற்றலும் கூலியும்

(பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு)

மனிதன் ஒரு செயலில் ஈடுபடுவதற்கு இருவகைத் தூண்டுதல்கள் உண்டென்று உளவியலார் கூறுவர். செயலிலேயே கிடைக்கும் இன்பத்துக்காகச் செய்வது அகத்தூண்டல். பரிசு, மதிப்பெண், சம்பளம், தண்டனை இவற்றை எண்ணிச் செய்வது புறத்தூண்டல். பனியன் தொழிலை நம்பி வாழும் நம் ஊரில் இதற்கு விளக்கம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரைப் பாருங்கள். கை எவ்வளவு வேகமோ சனிக்கிழமைச் சம்பளம் அவ்வளவு. கணக்கு முடிந்தபின் ஒரு பீஸ்கூட அவர் தைக்க மாட்டார். ஏன் தைக்க வேண்டும்? ஷிப்டுக் கூலி வாங்கும் சாம்பிள் டெய்லரோ, கழுத்துப்பட்டி சரியாகப் படியும் வரை பிரித்துப் பிரித்துத் தைப்பார். பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருக்கும். இருவருமே கூலிக்குத்தான் வருகிறார்கள். ஆனால் கூலியை எண்ணும் முறை மாறியதும், வேலையின்மேல் வைக்கும் கண்ணும் மாறிவிடுகிறது.

1971ஆம் ஆண்டு எட்வர்ட் டெசி என்னும் அமெரிக்க உளவியலார் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டைப் புதிர்களைக் கொடுத்துச் சோதித்தார். ஒரு குழுவினருக்கு இடையில் ஒரு முறை மட்டும் புதிர் ஒன்றுக்கு ஒரு டாலர் கொடுத்தார். அடுத்த முறை பணம் நின்றது. புதிரின்மேல் அவர்களுக்கிருந்த ஆசையும் குறைந்தது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் பரிசு உண்டென்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தனர். சில நாள் கழித்துக் கவனித்தபோது, அக்குழந்தைகள் மற்றவர்களைப் போல ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரெனப் பரிசு பெற்ற குழந்தைகளுக்கோ ஆர்வம் குன்றவில்லை. பரிசை முன்னே காட்டிப் பேரம் பேசியதுதான் ஆசையைக் கெடுத்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு, புறத்தூண்டலே கூடாது என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது வயிறு நிறைந்தவர் முடிவு. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும், 1982இல் அது சத்துணவாக விரிந்தபோதும் சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். என் தாயாரும் அவர்களில் ஒருவர். ஐந்தாம் வகுப்போடு நின்று செக்கிங் மேசைக்குப் போனவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வருவோருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2022இல் மாணவியருக்கும் 2024இல் மாணவருக்கும் தொடங்கப்பட்டது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இரண்டே நாளில் அந்தப் பணத்தைச் சம்பாதிக்கலாமே என்று வீட்டில் கேட்பார்கள். உண்மைதான். ஆனாலும் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வீட்டில் கை நீட்டாமல் இருப்பதே ஒருவனை மூன்றாண்டு வகுப்பில் உட்கார வைக்கக்கூடும்.

அகத்தூண்டலுக்குப் பக்கத்து ஊர்க்காரரே சான்று. ஈரோட்டில் 1887இல் பிறந்த இராமானுசன், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் உதவித்தொகையை இழந்தார். பரிசும் தண்டனையும் அவரை அசைக்கவில்லை. ஆனால் பட்டினி அசைத்தது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்த பிறகே கணிதம் அவருக்கு முழுநேர வேலையாயிற்று. அந்தப் பணம் தேற்றத்துக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் வரவில்லை; காலத்துக்காக வந்தது.

நம் வகுப்பறையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்பதே. கேட்பவரைக் குறை கூற இயலாது. நாம் பீஸ் ரேட்டில் வளர்ந்தவர்கள். பேராசிரியர்கள் வாரத்தில் ஒரு மணி நேரமாவது மதிப்பெண்ணுக்குக் கணக்கில்லாத பாடம் நடத்தினால் என்ன?

மாலையில் ஷிப்டுக்குப் போகும் வகுப்புத் தோழர் ஒருவர், துணியின் எடை பார்க்க வட்டமாக வெட்டும் ஜி.எஸ்.எம். கட்டரின் விட்டத்தை அளந்திருக்கிறார். சற்றேறக்குறைய 11.28 சென்டிமீட்டர். பத்து, பன்னிரண்டு என்று முழு எண்ணாக இல்லாமல் ஏன் இந்த அளவு? பரப்பைக் கணக்கிட்டார், சரியாக 100 சதுர சென்டிமீட்டர். ஆகவே வெட்டிய துண்டின் கிராம் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை வந்துவிடும். இப்போது நூலின் கவுண்ட்டையும் கண்ணியின் நீளத்தையும் வைத்து, துணியை வெட்டாமலே அந்த எடையைச் சொல்ல முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லை.