விமானப் பராமரிப்புப் படிப்பு: பணம் கட்டும் முன்



அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்து விமானங்களைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளில் சிலர், ப்ளஸ் டூ முடித்ததும் "விமான இன்ஜினியர் ஆகணும்" என்கிறார்கள். நல்ல ஆசை. அப்துல் கலாம் அவர்களுக்கும் இருந்த ஆசைதான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர அவருடைய அக்கா சோஹரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். படிப்பு முடிந்து பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லில் பயிற்சிக்குச் சேர்ந்த கலாம், விமான இன்ஜின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் வேலையில்தான் கைப்பழகினார்.

இன்றும் நம் வீட்டு நகைகள் படிப்புக்காகவே அடகுக்குப் போகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முக்கியமான விஷயம் ஒன்று: கல்லூரி தரும் சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. லைசென்ஸை மத்திய அரசின் டி.ஜி.சி.ஏ. மட்டுமே தருகிறது. அதற்கு டி.ஜி.சி.ஏ. பாடத்தேர்வுகள் ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். பறக்கும் நிலையிலுள்ள விமானங்களில் வேலை செய்த அனுபவமும் வேண்டும். இன்ஜின், உடற்பகுதி வேலைக்கு பி1. மின்னணுக் கருவிகளுக்கு பி2. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளும் சேரலாம்.

பாடங்களில் ஒன்று 'மனிதக் காரணிகள்'. இயந்திரத்தைப் பற்றியதல்ல, களைப்பு, அவசரம், "இது போதும்" என்ற நினைப்பு ஆகியவற்றைப் பற்றியது. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானி பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி தரையிறக்கினார். அனைவரும் பிழைத்தனர், அல்ஹம்துலில்லாஹ். காரணம்? கண்ணாடியை மாற்றியவர் அளவுப் பட்டியலைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருந்தார். 90 போல்ட்டில் 84 உரிய விட்டத்தைவிடச் சிறியவை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பயணிகளின் உயிர் அவர் கையில் இருந்த அமானிதம். பராமரிப்புப் பதிவேட்டில் போடும் கையெழுத்துக்கு இவ்வளவு கனம் இருப்பதால்தான் பயிற்சி இத்தனை கடுமையாக இருக்கிறது.

"நூறு சதவீத வேலை" என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் இருக்கிறது. கல்லூரியின் பெயரும், நீங்கள் கேட்கும் பிரிவும் அதில் உள்ளதா, செய்முறைப் பயிற்சி எந்த ஹேங்கரில், பழைய மாணவர்களில் எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் விண்ணப்பத்தாளோடு ஜும்ஆவுக்குப் பின் வாருங்கள். சேர்ந்தே பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.