டூட்டிங்கில் தொங்கும் பசுத்தோல்

இந்தக் கிழமை எபிசோடில் நேரம் பத்தாமல் விட்ட கதை இது.

டூட்டிங்கில் சாமான் வாங்கப் போற ஆக்களுக்கு செயின்ட் ஜோர்ஜஸ் ஹொஸ்பிட்டல் தெரியும். அதோட இருக்கிற மருத்துவக் கல்லூரி நூலகச் சுவரில் ஒரு பசுத்தோல் தொங்குது. பசுவின்ர பேர் ப்ளொஸம்.

அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் எட்வர்ட் ஜென்னர். ப்ளொஸத்திடம் பால் கறந்த பெண்ணுக்குப் பசு அம்மை தொற்றியது. 1796 மே 14 அன்று அவளுடைய கைக் கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற 8 வயதுப் பையனின் கையில் கீறி ஏற்றினார் ஜென்னர். ஜூலையில் உண்மையான பெரியம்மையையே ஏற்றிப் பார்த்தார். (இண்டைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் விட்டிராது!) பையனுக்கு ஒண்டும் வரேல்லை.

ஏன்? எங்கட இரத்தத்தில் பி செல்கள் கோடிக்கணக்கில் இருக்கு. ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தை மட்டும்தான் பிடிக்கும். வந்த கிருமிக்குப் பொருந்துகிற செல் பெருகி ஆன்டிபொடி செய்யும். சண்டை முடிஞ்சதும் அதில் கொஞ்சம் நினைவுச் செல்களாக வருடக்கணக்கில் தங்கிவிடும். பசு அம்மையும் பெரியம்மையும் ஒரே குடும்பம். வெளிப்புரதங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. உடம்பு நோயின் பெயரைப் பார்ப்பதில்லை, உருவத்தைத்தான் பார்க்குது. ஆன்டிவைரஸ் சொஃப்ட்வேரின் சிக்னேச்சர் ஃபைல் மாதிரி. ஆனால் அப்டேட் அனுப்ப கம்பெனி கிடையாது, உடம்பே எழுதிக்கொள்ள வேணும்.

அம்மம்மாவின்ர மேற்கையில் வட்டமா ஒரு தழும்பு பாத்திருப்பீங்கள். அது அநேகமா அம்மைப்பால் குத்தின அடையாளம். 1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிஞ்சது எண்டு அறிவிச்சுது. அதனாலதான் எங்கட கையில் அந்தத் தழும்பு இல்லை.

சரி, அந்த ஃபைலையே ஒரு வைரஸ் அழிச்சால்? சின்னமுத்து அதைத்தான் செய்யுது. அது நேராக நினைவுச் செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றைக் கொல்லும். தடுப்பூசி போடாமல் சின்னமுத்து வந்த 77 பிள்ளைகளை நெதர்லாந்தில் ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. இரண்டு மாதத்தில், வேறு கிருமிகளுக்கு எதிராக அவர்களிடம் இருந்த ஆன்டிபொடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. பேக்கப் இல்லாத ஃபோன் கதைதான். பரு மாறினாலும், பழைய நோய்களைத் திரும்பச் சந்தித்துத்தான் உடம்பு மறுபடி படிக்க வேணும்.

இங்கிலாந்திலேயே எம்எம்ஆர் போடுவது குறைந்த இடம் எங்கட லண்டன். வீடு மாறி, நாடு மாறி வந்த குடும்பங்களில் ரெட் புக் எங்கேயோ பெட்டிக்குள்ள கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஜீபீயிடம் கேட்டுப் பாருங்கோ. ரெண்டு டோஸ் பதிவில் இல்லையெண்டால் எந்த வயசிலயும் இலவசம். கர்ப்பமா இருக்கிறவை பிள்ளை பிறக்கும்வரை பொறுக்க வேணும்.