தீசிஸ் தலைப்பு கேட்ட தம்பிக்கு



"தீசிஸுக்கு ஒரு தலைப்பு சொல்லுங்கண்ணா" என்று எழுதியிருந்தாய். சொல்லப்போவதில்லை. சீனியர் செய்ததையே எடுத்து ஆண்டை மட்டும் மாற்றிக்கொள்ள நான் எதற்கு?

உன் வார்டில் தினமும் உன்னைப் படுத்துவது எது? வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்குப் பின் தையலில் சீழ் வைப்பதா? அதையே கேள்வியாக்கு. பர்மிங்காம் பக்கம் அறுவைப் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்கள் 2007இல் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ஒருவர் தொடங்கிய ஆய்வு முடிவதற்குள் அவருக்கு போஸ்டிங் மாறிவிடும். விட்டதை அடுத்து வருபவர் தொடரட்டும், போனவர் புது இடத்திலும் அதையே தொடங்கட்டும் என்றானதும் அந்தத் தொல்லையே அவர்களுக்கு வசதியாகிவிட்டது. வெட்டிய விளிம்பைப் போர்த்தும் பிளாஸ்டிக் உறை சீழைத் தடுக்குமா என்று 21 மருத்துவமனைகளில் 760 நோயாளிகளிடம் சோதித்தார்கள். உறை யாருக்குப் போட்டது என்பது காயத்தைப் பரிசோதிப்பவருக்குத் தெரியாது. ரோசினி என்ற அந்த ஆய்வின் விடை 2013இல் பிஎம்ஜே இதழில் வந்தது: பயனில்லை. போட்டவர்கள், போடாதவர்கள் இரு தரப்பிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தொற்று. காசு கொடுத்து வாங்கும் ஒரு பொருள் வேண்டாம் என்று தெரிந்துகொண்டார்களே, அது போதாதா? இங்கே என்றால் "பாசிட்டிவா ஒண்ணும் வரலையே" என்று முகம் சுளிப்போம்.

ஐம்பது கேஸை வைத்துக்கொண்டு நீ தனியாக இப்படி ஓர் ஆய்வைச் செய்ய முடியாது. வயிற்றை மூடுமுன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் தொற்று குறையுமா என்று பார்த்த சீட்டா ஆய்வில் (லான்செட், 2022) இந்தியா உட்பட ஏழு நாடுகளின் 13,301 நோயாளிகள் இருந்தார்கள். மாற்றாதவர்களில் 18.9 சதவீதமாக இருந்த தொற்று, மாற்றியவர்களில் 16 ஆனது. உன் ஐம்பது பேரில் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

ஆகவே பக்கத்துக் கல்லூரிகளில் இருக்கும் உன் பேட்ச்காரர்களிடம் பேசு. எல்லோருக்கும் ஒரே படிவம். எதைத் தொற்று என்பது, எத்தனையாம் நாள் பார்ப்பது என்று முதலிலேயே எழுதி வையுங்கள். வீட்டுக்குப் போனபின் சீழ் வைத்தால் அது கேஸ் ஷீட்டில் ஏறாது. 30ஆம் நாள் போன் போட்டுக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்குங்கள். சிகிச்சையை மாற்றிப் பார்ப்பதென்றால் முதல் நோயாளியைச் சேர்க்குமுன் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். தகவல் திரட்டும் வேலையை சிஆர்ஆர்ஐ (ஹவுஸ் சர்ஜன்) பிள்ளைகள் தலையில் கட்டாதே. கட்டினால் கட்டுரையில் அவர்கள் பெயரும் வரட்டும்.

படிவத்தை எழுதி அனுப்பு, பார்க்கிறேன். அதற்குமுன் எச்ஓடியிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிந்தால் வம்பு.

அன்புடன்,
அண்ணன்