செப்டிக் டேங்க்: பார்க்க வேண்டியது தண்ணீரை அல்ல

மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "டேங்க் நெறஞ்சுபோச்சு, லாரியக் கூப்பிடுங்க" என்று பதறாத வீடு குறைவு. செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். வெளிக்குழாய் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய பிறகு, உள்ளே வருகிற அளவு வெளியே போய்க்கொண்டிருக்கும். நாம் கணக்கு வைக்க வேண்டியது அடியில் படிகிற கசடை.

அதை அளக்க நீளமான மூங்கில் கழி ஒன்றும் பழைய வெள்ளை வேட்டியும் போதும். கழியின் அடியிலிருந்து ஐந்தாறு அடி உயரத்துக்கு வேட்டியை இறுகச் சுற்றிக் கட்டுங்கள். மூடியைத் திறந்ததும் அரை மணி நேரம் தள்ளி நில்லுங்கள். உள்ளே மீத்தேன் இருக்கும், ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். முதலாவது தீப்பற்றும், இரண்டாவது ஆளைச் சாய்க்கும். அதனால் பீடி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம். குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. கூட ஒருவர் இருக்கட்டும். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, கழியை மெல்ல அடிவரை இறக்கி, இரண்டு நிமிடம் வைத்து, ஆட்டாமல் மேலே எடுங்கள். துணியின் கீழ்ப்பகுதியில் கரேலென்று அப்பியிருப்பதுதான் கசடு. மேலே வெறுமனே நனைந்திருப்பது தண்ணீர். ஐந்தடி நனைந்து, அதில் ஒன்றரை அடிக்கு மேல் கறுப்பாக இருந்தால் லாரிக்குச் சொல்லிவிடலாம். சாதாரணமாக இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை இந்த நிலை வரும்.

"பத்து வருஷமா எடுக்கவே இல்ல" என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அங்கே இருப்பது அடியில் தளம் போடாத உறைக்குழியாக இருக்கும். கழிவு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். டேங்க்கிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் விடும் குழியே குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஒரே மனையில் போரும் உறைக்குழியும் அடுத்தடுத்து இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

லாரியைக் கோடையில் கூப்பிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலி செய்தால், பிளாஸ்டிக் டேங்க் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு மிதந்து மேலே வந்துவிடும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இருப்பதுபோல இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. ஏரிக்கரையில் கொட்டுகிறவருக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எடுத்து முடித்ததும் டேங்க்கைக் கழுவ வேண்டாம். சாணி கரைத்து ஊற்றுவது, ஈஸ்ட் போடுவது எல்லாம் வீண் வேலை. தேவையான கிருமிகள் நம் கழிவிலேயே இருக்கின்றன. அவற்றைக் கொல்லாமல் இருந்தால் போதும். பாட்டில் பாட்டிலாக ஆசிட்டும் பினாயிலும் கவிழ்க்காதீர்கள். நாப்கின், எண்ணெய், மொட்டைமாடி மழைநீர் எதுவும் உள்ளே போகக் கூடாது. காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள். சாயங்காலக் கொசுவில் பாதி அங்கிருந்துதான் வருகிறதோ என்பது என் சந்தேகம்.

அடைப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் இறக்கினால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "பரவால்ல சார், நான் எறங்குறேன்" என்று அவரே சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உதவிக்கு 14420ஐ அழையுங்கள்.