கோயில் முற்றத்தில் ஒரு விகிதக் கணக்கு

அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். முதலாம் இராசேந்திர சோழன் பதினோராம் நூற்றாண்டில் எழுப்பிய அக்கோயிலின் முற்றம் 560 அடி நீளமும் 320 அடி அகலமும் உடையது. இவ்விரண்டின் விகிதத்தை எளிய வடிவில் காண்போமா?

இரண்டையும் 10 ஆல் வகுத்தால் 56 : 32. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 8 இன்னும் பொதுக் காரணியாக இருக்கிறதே! அதனாலும் வகுத்தால் 7 : 4. இனிச் சுருக்க வழியில்லை. மீப்பெரு பொதுக் காரணியான 80 ஆல் முதலிலேயே வகுத்திருந்தால் ஒரே படியில் முடிந்திருக்கும்.

விடையில் 'அடி' எங்கே போயிற்று? அடியை அடியால் வகுத்ததால் நீங்கிவிட்டது. விகிதத்திற்கு அலகு கிடையாது. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. இதே கணக்கு, "நீளம் 560 அடி, அகலம் 98 மீட்டர்" என்று தேர்வில் வந்தால், அவசரக்காரர் 14 ஆல் வகுத்து 40 : 7 என்று எழுதி, அடிக்கோடும் இட்டுவிடுவார். வகுத்தலில் பிழையே இல்லை. ஆனால் முற்றம், அகலத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு நீளமுள்ள சந்தாகிவிட்டது! 98 மீட்டர் என்பது ஏறத்தாழ 320 அடி. அலகை ஒன்றாக்கிய பிறகே சுருக்க வேண்டும்.

முற்றத்தினுள் நிற்கும் முதன்மைக் கட்டடத்தின் நீளம் 341 அடி, அகலம் 100 அடி. 341 = 11 × 31. நூறின் பகாக் காரணிகளோ 2, 5 மட்டுமே. ஆகவே 341 : 100 என்பதே எளிய வடிவம். நினைவில் நிற்காத விகிதம்தான். 341ஐ 340 எனக் கொண்டால் 17 : 5 என்று அழகாக வரும். கொள்ளலாமா? கணித ஆசிரியர் ஒப்பமாட்டார். அவர் பக்கம் நியாயம் உண்டு. இயற்பியல்காரனாகிய நான், "எதற்காக?" என்று கேட்பேன்.

வரைபடத்தாளில் 1 செ.மீ.க்கு 40 அடி என்ற அளவில் வரைந்து பாருங்கள். முற்றம் 14 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம். கட்டடத்தின் நீளம் 8.5 செ.மீ.; நாம் விட்ட ஓரடி தாளில் கால் மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் பருமனுக்குள் அது மறைந்துபோகும். கருங்கல் அடுக்கிய சிற்பிக்கு அந்த ஓரடி மறைந்திருக்காது.

தஞ்சைப் பெரிய கோயிலின் உள்முற்றம் 790 அடிக்கு 400 அடி. இரு சதுரங்களை ஒட்டி வைத்தது போன்றது, அதாவது 2 : 1, என்பார்கள். எளிய வடிவமோ 79 : 40. அதே அளவில் இரண்டையும் வரைந்து, வேறுபாடு உங்கள் கோட்டுக்குள் மறைகிறதா என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள்.