அந்தப் பிள்ளைக்கும் ஒரு பேர் உண்டு



இந்த மாதம் கூட்டத்தில் படித்துப் பேச எடுத்திருக்கும் விஷயம் கொஞ்சம் கனமானது. பச்சைக் குழந்தையைத் திடீர் நோயில் பறிகொடுத்த தாய்க்கு நாம் என்ன செய்யலாம், அந்தக் குழந்தையின் நினைவை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். படிக்கும்போது யாருக்காவது கண் கலங்கினால் வாசிப்பை நிறுத்துங்கள், அவர் பேசட்டும். மீதியை அடுத்த வாரம் படித்துக்கொள்ளலாம்.

"இப்பல்லாம் யாருக்குங்க பிள்ளை தவறுது?" என்று சிலர் கேட்கலாம். குறைந்திருப்பது உண்மைதான். 2005ல் தமிழ்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 37 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020ல் அது 13 ஆனது. ஆனால் எண்ணிக்கை குறையக் குறைய, இழந்த தாய் தனியாளாகிவிடுகிறாள். நம் பாட்டிமார் காலத்தில் அந்த வலி தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். இன்றைக்கு அவளோடு உட்கார ஆள் இல்லை.

எங்கள் பகுதியில் ஒரு உறுப்பினரின் நாலு மாதப் பெண் குழந்தை. சாயங்காலம் சளி, ராத்திரி மூச்சு இரைத்தது, பால் குடிக்கவில்லை, விடிவதற்குள் போய்விட்டது. நிமோனியா என்றார்கள். மதியத்துக்குள் அடக்கம் முடிந்தது. தாயை இடுகாட்டுப் பக்கம் விடவில்லை. பெரியவர்கள் தொட்டில் சேலையை அவிழ்த்து, சட்டை, வசம்பு வளையல், கிலுகிலுப்பை எல்லாவற்றையும் மூட்டை கட்டி அப்புறப்படுத்திவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். மூன்று மாதம் கழித்து அவர் எங்களிடம் கேட்டார்: "ஒரு சட்டையாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா அக்கா? மோந்து பாக்கவாவது இருந்திருக்கும்."

"பேசினால் துக்கம் கூடும், மறக்க விடு, அதுதான் நம்ம வழக்கம்" என்கிறார்கள். அது மட்டும்தான் நம் வழக்கமா? தென் மாவட்டங்களில் பல வீடுகளில், சின்ன வயதில் இறந்த பெண் பிள்ளையைக் கன்னித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். ஓலைப்பெட்டியில் சிற்றாடையும் வளையலும் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் படைக்கிறார்கள். மூன்று தலைமுறை கழிந்தும் அந்தப் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளைதான். கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் குட்டிக் கல்லறைக்கும் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். உயிரோடு பிறந்து இறந்த குழந்தைக்கு இஸ்லாமியர் பெயர் வைத்து, தொழுகை நடத்தி அடக்கம் செய்கிறார்கள். ஆக, நினைப்பதும் நம்ம வழக்கம்தான்.

அதனால் துணிமணியை உடனே அப்புறப்படுத்தாதீர்கள். ஒரு பையில் போட்டு உங்கள் வீட்டில் பத்திரமாக வையுங்கள். அவர் எப்போது கேட்கிறாரோ அப்போது கொடுங்கள். செல்போனில் இருக்கும் போட்டோவை அழிக்காதீர்கள், ஒன்றைப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். தென்னம்பிள்ளை நடுவதோ, அந்த நாளில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் பழம் கொடுப்பதோ தாயின் விருப்பம். நாம் முந்திக்கொண்டு ஏற்பாடு செய்ய வேண்டாம். பேர் சொல்லி, "உன் பிள்ளை எப்படிச் சிரிப்பா?" என்று கேட்டாலே போதும்.

காகித வேலையும் உண்டு. "செத்த பிள்ளைக்கு எதுக்குச் சர்டிபிகேட்?" என்று விட்டுவிடுகிறார்கள். 1969ஆம் வருஷத்துச் சட்டப்படி பிறப்பையும் பதிய வேண்டும், இறப்பையும் பதிய வேண்டும். இரண்டுக்கும் 21 நாள் வரை கட்டணம் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரிக்கலாம். பேர் வைத்திருந்தால் பேரோடு பதியச் சொல்லுங்கள். இந்தப் பூமியில் அந்தப் பிள்ளை இருந்தது என்பதற்கு அரசாங்கம் தரும் சாட்சி அது. வீட்டார் துக்கத்தில் இருக்கும்போது குழுவில் ஒருத்தர் கூடப் போய்வருவது பெரிய உதவி.

யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று: பிள்ளை போனாலும் பால் சுரக்கும். மார்பு கல்லாகக் கட்டும். அந்த வேதனையில் அவர் அழுவதைப் பார்த்து "இன்னும் அழறியா" என்பார்கள். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் பழைய பழக்கம் பால் வற்ற உதவுவதாக 1988லேயே மருத்துவ ஆய்வு வந்திருக்கிறது. குளிர்ந்த துணி வைக்கலாம், வலி தாங்காதபோது கொஞ்சமாகப் பீய்ச்சலாம். முழுக்கப் பீய்ச்சினால் மறுபடி சுரக்கும். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கூட்டிப்போங்கள். 2014 முதல் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் தொடங்கப்பட்டன. சில தாய்மார் விரும்பி அங்கே பால் கொடுக்கிறார்கள். அதுவும் ஒரு நினைவுதான், ஆனால் யாரும் வற்புறுத்தக் கூடாது.

"ராசியில்லாதவ", "தூக்கத்துல புரண்டிருப்பா" போன்ற பேச்சு நம் குழுவில் இருந்து வரவே கூடாது. வளைகாப்புக்கு அவரை அழைக்காமல் விடுவதும் அதே பேச்சுதான், வாய் திறக்காமல் பேசுவது. அழைப்போம், வருவதும் வராததும் அவர் முடிவு. "உடனே இன்னொண்ணு பெத்துக்க" என்றும் சொல்ல வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாவது இடைவெளி விட்டு அடுத்த கர்ப்பம் நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனாலோ, "நானும் போயிடறேன்" என்று சொன்னாலோ தனியே விடாதீர்கள். 14416க்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

பால் குடிக்க மறுப்பது, மூச்சு வாங்கும்போது நெஞ்சு உள்ளே இழுப்பது, வலிப்பு, உடம்பு சுடுவது அல்லது சில்லிடுவது, கூப்பிட்டும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது: இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108க்குப் போன் செய்ய வேண்டும். இதைக் கைக்குழந்தை உள்ள எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள். இழந்த தாயின் முன்னால் மட்டும் சொல்லாதீர்கள். அவர் காதில் அது "நீ ஏன் செய்யலை" என்றுதான் விழும்.

கடைசியாகக் கடன் விஷயம். நாங்கள் சொன்ன உறுப்பினருக்கு அந்த மாதத் தவணையை, தீர்மானம் எழுதி இரண்டு மாதம் தள்ளி வைத்தார்கள். சந்தாவை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள். உங்கள் குழு விதியில் இதற்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்தக் கூட்டத்திலேயே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.