ஓர் ஊர், இரண்டு கேள்விகள்

நம்பிக்கை: மனிதர் வாய்ச்சொல்லில் அபிப்பிராயம் கலக்கும்; எண்களில் கலக்காது.

உண்மை: நாற்று நட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வாசலில் வந்து நிற்கும் ஒரு ஸ்திரீயைப் பார்த்து, குடிக்கணக்கு எடுக்க வந்தவர், "ஏனம்மா, வேலை ஏதாவது பார்க்கிறீர்களா?" என்று கேட்க, அவள் வாய் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து புருஷன், "அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டால், அந்தச் 'சும்மா' சர்க்கார் ஏட்டில் ஏறி, கூட்டப்பட்டு, சதவீதமாகி, ஒருவரும் சந்தேகிக்காத புள்ளிவிவரமாக வெளிவந்துவிடுகிறது. சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியின்றிச் செய்யும் உழைப்பும் வேலையே என்பதை 1991-ஆம் ஆண்டு இந்தியக் குடிக்கணக்கெடுப்பில் கேள்விக்குள்ளேயே விளங்கச் சேர்த்தார்கள். எண்ணைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது கேள்வி பெற்ற பிள்ளை.

நம்பிக்கை: நல்ல ஆராய்ச்சியாளன் தன் சாதி, குலம் எல்லாவற்றையும் ஊர் எல்லையில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறான்.

உண்மை: அவன் கழற்றினாலும் ஊர் விடுமா? 1948-இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கிய சமூகவியலறிஞர் எம்.என். ஸ்ரீநிவாஸ், குளித்த பிறகு க்ஷவரம் செய்துகொண்டதற்காக, பிராமணர் இப்படிச் செய்யலாமா என்று ஊர்த் தலைவரிடம் பேச்சு வாங்கினார்! மேல்சாதியார் பார்வையே தமக்கு எளிதில் வாய்த்தது என்பதை அவர் மறைக்கவுமில்லை.

நம்பிக்கை: ஒரே ஊரை ஆராய்ந்த இருவர் முரண்பட்டால், அவர்களில் ஒருவர் புளுகர்.

உண்மை: மெக்ஸிகோவின் டெபோஸ்ட்லான் என்னும் ஊருக்கு 1926-இல் சென்ற மானிடவியலறிஞர் ராபர்ட் ரெட்ஃபீல்டு, திருவிழாக்களும் பரஸ்பர இணக்கமும் நிரம்பிய, ஏறக்குறையச் சஞ்சலமற்ற ஒரு ஜனசமூகத்தை 1930-இல் வெளிவந்த தம் நூலில் சித்திரித்தார்; 17 ஆண்டுகள் கழித்து அங்கே போன இன்னொரு மானிடவியலறிஞர் ஆஸ்கார் லூயிஸோ, வறுமையும் நிலத்தகராறும் அண்டை வீட்டார்மேல் அவநம்பிக்கையும் அதே ஊரில் மலிந்திருக்கக் கண்டு 1951-இல் எழுதினார். இடையில் ஊர் மாறியிருக்கலாம் என்று சமாதானம் சொல்வது சுலபம். ரெட்ஃபீல்டு அந்தச் சுலபத்தோடு நிற்கவில்லை. இந்த ஜனங்கள் எதில் மகிழ்கிறார்கள் என்பதே தம் நூலுக்குள் ஒளிந்திருந்த கேள்வியென்றும், எதனால் துன்புறுகிறார்கள் என்பது லூயிஸின் கேள்வியென்றும் 1955-இல் அவரே எடுத்தெழுதியது, வழக்காட வந்தவனைத் திண்ணையில் பாய் விரித்து உட்காரவைத்தது போன்ற காரியம். நம் பண்டிதர்களிடையே இதை அதிகம் காணோம்.

அப்படியானால் எல்லாம் அவரவர் அபிப்பிராயந்தானே என்று யாரேனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் லூயிஸ் அபிப்பிராயத்தோடு நின்றுவிடாமல், எந்தக் குடும்பத்துக்கு நிலம் உண்டு, எதற்கு இல்லை என்று கணக்கெடுத்தாரே, அந்தக் கணக்கை, மகிழ்ச்சியைத் தேடிப் போகிறவனும்கூட உட்கார்ந்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.